உங்களுக்குத் தெரியுமா? சீரியல் பல்பும் இதயமாகும்!

கறுப்பு சார்ட் அட்டையில் இதய வடிவில் ஓட்டை வெட்டி லென்ஸ் முன்னால் மாட்டினால், படம் இதயச் சட்டத்துக்குள் அடைபடாது. முழுக் காட்சியும் வழக்கம்போல விழும். பின்னணியில் மங்கலாகத் தெரியும் விளக்குப் புள்ளிகள் மட்டும் குட்டிக் குட்டி இதயங்களாகிவிடும்!

• ஃபோகஸில் சிக்காத ஒளிப்புள்ளி, லென்ஸின் திறப்பு எந்த வடிவமோ அந்த வடிவத்தில்தான் விரியும். ஆறு தகடுள்ள பழைய லென்ஸில் துளையைச் சுருக்கி எடுத்தால் புள்ளிகள் அறுகோணமாவதும் இதனால்தான்.

• ஓட்டை பெரிதானால் பலிக்காது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்தால் துளையின் விட்டம் சுமார் 28 மி.மீ. இதயம் அதற்குள் அடங்க வேண்டும், 15 மி.மீ. போதும். வளைவை வெட்ட நகம் வெட்டும் சின்னக் கத்தரி வாகாக இருக்கும். செல்போனில் முயன்று ஏமாறாதீர்கள், அதன் லென்ஸ் மிளகளவுதான்.

• ஆளுக்கு முன்னால் ஒரு சரம், பின்னால் ஒரு சரம் பல்பு தொங்கவிடுங்கள். ஒன்றில் இதயம் நேராக, மற்றதில் தலைகீழாக!

• அட்டையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் வேறு கதை. கோணல்மாணலாக ஓட்டை போட்ட பிளைவுட் பலகைக்கு ஸ்டுடியோவில் 'குக்கி' என்று பெயர். மரமே இல்லாத செட்டில் நாயகி முகத்தில் இலை நிழல் விழுவது அதன் வேலை. பலகை விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெருத்து விளிம்பு கரையும். சாஃப்ட்பாக்ஸ் முன் வைத்தாலோ, நிழலே கலைந்துபோகும்.