தரை அதிர்ந்தால்: மதுரை மக்கள் அறிய வேண்டிய பாதுகாப்பும் உரிமையும்

2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூர் மாவட்டத்தில் 3.6 அளவுக்கு நில அதிர்வு பதிவானது. அடுத்து வந்த நாட்களில் பேரணாம்பட்டுப் பகுதியிலும் தரை அதிர, கிராம மக்கள் வீட்டுக்குள் இருக்கப் பயந்து தெருவில் கூடினார்கள். சில வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுந்தது. 2023 டிசம்பர் 8 காலையில் செங்கல்பட்டில் 3.2.

இப்படிப்பட்ட சிறு அதிர்வுகளின்போது எல்லாத் தெருவிலும் நடப்பது ஒன்றுதான். "உங்க வீட்லயும் ஆடுச்சாக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் ஏதேதோ வரும். கொஞ்ச நேரத்தில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சுவரில் விழுந்த விரிசலைப் பற்றி யாரும் எங்கும் எழுதிக் கொடுப்பதில்லை. பிறகு நிவாரணம் கேட்கப் போனால் கையில் ஒரு சான்றும் இருக்காது.

மதுரைக்கு ஆபத்து உண்டா?

2002-ல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க மண்டல வரைபடம் மதுரையை 2-ஆம் மண்டலத்தில், அதாவது ஆபத்து குறைந்த பகுதியில் வைத்தது. அதை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது. மகாராஷ்டிர மாநிலம் லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரி, அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த 1-ஆம் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். மண் சாந்தில் கனத்த கற்களை அடுக்கிக் கட்டிய வீடுகள், உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன.

நமக்குப் பக்கத்திலும் உதாரணங்கள் உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியைச் சுமார் 6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 2000 டிசம்பர் 12 அன்று கேரளத்தின் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் ஏற்பட்டது சுமார் 5.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பலவீனமான கட்டடம். 2021 டிசம்பரில், எந்த அதிர்வும் இல்லாமலே, மதுரையில் ஒரு பழைய கட்டடம் இடிந்து இரவுப் பணியிலிருந்த காவலர் ஒருவர் உயிரிழந்தார். மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். காரை பெயர்ந்த கைப்பிடிச் சுவர், அதன் ஓரத்திலேயே சின்டெக்ஸ் தொட்டி, துருப்பிடித்த கம்பியில் தொங்கும் பெயர்ப்பலகை. தரை ஆடும்போது அவசரப்பட்டு வெளியே ஓடுபவர் தலையில் விழக் காத்திருப்பவை இவைதான். இடியும் நிலையிலுள்ள கட்டடத்தைப் பழுது பார்க்கவோ இடிக்கவோ உத்தரவிட மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. அங்கே குடியிருப்பவரும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அதிர்வின்போது

கான்கிரீட் வீட்டுக்குள் இருந்தால் உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பீரோ, பரண், கண்ணாடி ஜன்னல் பக்கம் நிற்காதீர்கள். மண்சுவர் வீட்டில் வாசல் இரண்டு எட்டில் இருந்தால், தலையைக் காத்தபடி வெளியேறி, சுவரையும் மின்கம்பத்தையும் விட்டு விலகி நில்லுங்கள். லிஃப்டைத் தொடாதீர்கள். ஆட்டம் நின்றதும் கேஸ் சிலிண்டரை மூடுங்கள். பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பாருங்கள்.

நில அதிர்வா, குவாரி வெடியா?

மேலூர் போன்ற கல்குவாரிப் பகுதிகளில் இந்தக் கேள்வி முக்கியம். இயற்கை அதிர்வுக்கு நேரம் காலம் கிடையாது. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிச் சத்தத்தோடு தரை அதிர்ந்தால் குவாரியைச் சந்தேகிக்கலாம். தேசிய நில அதிர்வியல் மையம் பதிவான நிலநடுக்கங்களை உடனுக்குடன் வெளியிடுகிறது. அதன் 'பூகம்ப்' செயலியிலும் பார்க்கலாம். அதில் எதுவும் இல்லையென்றால், தேதி, நேரம், எத்தனை வீட்டில் உணர்ந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை தரக்கூடாது. அந்த நோட்டின் நகலோடு ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கனிமவளத் துறை உதவி இயக்குநரிடமும் மனு கொடுங்கள். குத்தகை உத்தரவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பலனில்லையென்றால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம்.

சேதத்துக்கு நிவாரணம்

நிலநடுக்கம், அரசு நிவாரணத்துக்கு உரிய பேரிடர்களில் ஒன்று. 2022-26 காலத்துக்கு மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம். சமவெளியில் முழுவதும் சேதமான வீட்டுக்கு ரூ.1.20 லட்சம். குறைந்தது 15 சதவீதம் சேதமான பக்கா வீட்டுக்கு ரூ.6,500, கச்சா வீட்டுக்கு ரூ.4,000. இதற்கு கிராம நிர்வாக அலுவலரின் ஆய்வு அவசியம். ஆகவே பூச்சு வேலை தொடங்கும் முன் விரிசல்களை, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள்.

காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் முதல் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கமும் அடங்கும். நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்ட அடுக்குமாடி வீட்டில், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து புகார் செய்தால், கட்டியவர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும்.

வதந்தி குற்றம்

2011-ல் கேரளத்தின் இடுக்கியில் நில அதிர்வுகள் வந்தபோது, அங்குள்ள முல்லைப் பெரியாறு அணை பற்றிய பீதி தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில மக்களையும் மோதவிட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு ஆராய்ந்து, அணை உறுதியாக உள்ளது என்றது. 2014 மே 7 தீர்ப்பு 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. பீதியூட்டும் பொய் எச்சரிக்கையைப் பரப்புவோருக்கு, 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கிறது. "இன்னும் அரை மணியில் பெரிய நிலநடுக்கம் வரும்" என்ற செய்தி எங்கிருந்து வந்தாலும் பொய்தான். நிலநடுக்கத்தை நாள், நேரம் குறித்துச் சொல்லும் அறிவியல் இன்றுவரை இல்லை.

சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, அவசர உதவிக்கு 112. இந்த எண்களை இன்றே தெருவில் எல்லோர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். அதிர்வு வந்தால் அரை மணி நேரம் பேசிக் கலைந்துவிடாமல், நேரத்தையும் சேதத்தையும் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். தனி ஒருவர் புகாரைத் தட்டிக் கழிப்பது எளிது. தெருவே கையெழுத்திட்ட மனுவை அப்படி ஒதுக்க முடியாது.