இறக்கை கொண்ட ராக்கெட்டும் மோட்டாரின் எதிர்பாராப் போக்கும்

வானொலிக் கட்டளையால் இயங்கும் சறுக்கு விமானத்தைச் சிறு ராக்கெட் மோட்டாரால் உயர ஏற்றிப் பின்னர் காற்றில் மிதந்து இறங்கச் செய்வது, பல நாடுகளில் மாணவரும் ஆர்வலரும் மேற்கொள்ளும் பயிற்சியாகும். இம்முயற்சியில் மோட்டார் சில வேளைகளில் எதிர்பார்த்தவாறு நடப்பதில்லை. அது பற்றத் தாமதிக்கலாம். இருமுவது போல விட்டு விட்டு எரியலாம். குறித்த நேரத்திற்கு முன்பே எரிந்து தீரலாம். தரையில் நிற்பவர் கட்டளையால் சுக்கானைத் திருப்பலாமேயன்றி, பற்றிக்கொண்ட திட எரிபொருளை அணைக்க இயலாது. ஆதலின் இப்போக்கின் காரணங்களை அறிந்துகொள்வது அவசியமாகும்.

பெரிய திட மோட்டார்களில் பிராணவாயுவை அளிக்கும் உப்பும், அலுமினியத் தூளும், இவற்றைப் பிணைக்கும் ரப்பர் போன்ற பொருளும் கலந்து ஒரே திண்மமாக வார்க்கப்படுகின்றன. அம்மோனியம் பெர்க்ளோரேட் என்னும் அவ்வுப்பை நமது விண்வெளித் துறைக்கென உற்பத்தி செய்யும் நிலையம் கேரளத்தில் ஆலுவாவில் உள்ளது. ஆலுவாவைத் தழுவி ஓடும் பெரியாற்றின் ஒரு கிளையே வைப்பின் தீவின் வடமுனையில், முனம்பத்தருகே கடலில் கலக்கிறது. உப்பின் துகள்கள் நுண்ணியவாயின் எரிபொருள் விரைந்தும், பருத்தவையாயின் மெதுவாகவும் எரியும்.

எரியும் வேகம் அறையின் அழுத்தத்தையும் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் எரிதல் விரையும். எரிதல் விரைந்தால் வாயு பெருகி அழுத்தம் மேலும் ஏறும். நல்ல கலவையில், வாயு குழல்வாய் வழியே வெளியேறுவதால் இவ்வேற்றம் ஒரு நிலையில் நின்றுவிடும். ஆனால் திண்மத்தில் நுண்ணிய வெடிப்போ காற்றுக் குமிழியோ இருப்பின், தீ அதனுட் புகுந்து எரிபரப்பைத் திடீரெனப் பெருக்கும். அறையே பிளக்கவும் கூடும். மாறாக, அழுத்தம் மிகக் குறைந்தால் தீ அவிந்து, எஞ்சிய வெப்பத்தால் மீண்டும் பற்றும். மேற்கூறிய இருமலுக்கு இதுவே காரணம். வெயிலில் காய்ந்த மோட்டார் குளிர்ந்த மோட்டாரினும் விரைந்து எரியும் என்பதும் கருதத்தக்கது.

இறக்கை கொண்ட கலத்திற்கு இம்மாறுதல்கள் பெரும் இடர் விளைவிக்கும். சாய்கோணம் மாறாதிருக்க, வேகம் இருமடங்கானால் இறக்கையின் தூக்கு விசை நான்கு மடங்காகும். எனவே மிகையாக உந்தும் மோட்டார் கலத்தின் மூக்கை நிமிர்த்திக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்யும்; அல்லது இறக்கையை முறிக்கும்.

மோட்டாரின் போக்கு நம் நாட்டுப் பெரிய ராக்கெட்டுகளையும் சோதித்துள்ளது. 1987 மார்ச் 24-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஏ.எஸ்.எல்.வி.யில் பக்க மோட்டார்கள் எரிந்து முடிந்தபின் நடு மோட்டார் பற்றவில்லை. கலம் கடலில் வீழ்ந்தது. 1988 ஜூலை 13-இல், பக்க மோட்டார்களின் உந்துவிசை தணிந்து நடு மோட்டார் பொறுப்பேற்கும் இடைவேளையில் கலம் கட்டுப்பாட்டை இழந்தது. இதன்பின் அடியில் நிலைநிறுத்தும் துடுப்புகள் சேர்க்கப்பட்டன. நடு மோட்டாரைக் கடிகாரக் கணக்கின்படி மூட்டாமல், பக்க மோட்டார்களின் விசை உண்மையில் தணிவதை அறிந்து மூட்டும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. 1992 மே 20-இல் ஏவப்பட்ட மூன்றாவது கலம் துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது, எனினும் பாதை திட்டமிட்டதினும் தாழ்வாயிருந்தது. 1994 மே 4-இல் ஏவப்பட்ட நான்காவது கலம் முழு வெற்றி கண்டது.

இப்பாடங்களைக் கற்ற இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், 2016 மே 23-இல் இறக்கை கொண்ட ஆர்.எல்.வி.-டி.டி. கலத்தைச் செலுத்தியது. இறக்கையின் மீது மிகுபாரம் ஏறாதிருக்க, அதன் திட மோட்டார் மெதுவாக எரியுமாறே வார்க்கப்பட்டிருந்தது. கலம் சுமார் 65 கிலோமீட்டர் உயரம் எட்டி, ஒலியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் இறங்கத் தொடங்கி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலைச் சேர்ந்தது. 2023 ஏப்ரல் 2-இல் கருநாடகத்துச் சித்திரதுர்க்க மாவட்டத்தில், ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்ட இறக்கைக் கலமொன்று மோட்டாரின் உதவியின்றித் தானே ஓடுபாதையில் இறங்கிற்று.

சிறு மோட்டார்களைக் கையாளும் மாணவர்களும் இவற்றினின்று பயன் பெறலாம். மோட்டாரை வெயில் படாத சீரான வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். கீழே விழுந்து அதிர்ந்ததை நீக்கிவிடல் வேண்டும். மூட்டியும் பற்றாத மோட்டாரை உடனே அணுகலாகாது. மின் இணைப்பை முதலில் துண்டித்து, போதிய நேரம் காத்திருந்து, ஆசிரியர் முன்னிலையிலேயே அதனைத் தொடல் வேண்டும்.