வெரி, டூ, நம்ம 'ரொம்ப'

எங்க செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் முக்கியமான வெள்ளாமை. பிடுங்குற நேரத்துல மழை விடாம பெஞ்சா, காய் மண்ணுக்குள்ளயே அழுகிடும். அப்படிப் போன வயலுக்கு நிவாரணம் கேட்டு அண்ணன் மகன் ஆங்கிலத்தில் மனு எழுதிக் காட்டினான். வயல் 'வெரி வெட்' என்று இருந்தது. "தப்பா சித்தப்பா?"ன்னு கேட்டான். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் அதில் நஷ்டம் தெரியவில்லை.

'வெரி' அளவு கூடுதல் என்று மட்டும் சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. நெல் வயல் 'வெரி வெட்'டா இருந்தா சந்தோஷம்தான். 'டூ' அப்படியில்லை, ஓர் எல்லையைத் தாண்டியாச்சு என்கிறது. 'டூ வெட் டு ஹார்வெஸ்ட்' என்பதில் 'நாட்' எங்கேயும் கிடையாது. ஆனாலும் பொருள், பிடுங்க முடியாத அளவுக்கு ஈரம். 'முடியாது' என்பது 'டூ'வுக்குள்ளேயே இருக்கு. இதையே 'சோ வெட் தட்' என்று ஆரம்பித்தால், 'பிடுங்க முடியவில்லை' என்பதை 'நாட்' போட்டுத் தனியா எழுதணும்.

நமக்கு ஏன் குழம்புது? 'ரொம்ப' ரெண்டு வேலையும் பார்க்குது. "சாம்பார் ரொம்ப நல்லாருக்கு" பாராட்டு; "ரொம்பப் பேசாத" எச்சரிக்கை. 'நிரம்ப' என்பதுதான் பேச்சில் 'ரொம்ப' ஆனது. நிரம்பியதா, வழிந்ததா என்பதைச் சூழ்நிலையை வைத்துப் புரிஞ்சுக்குறோம். எல்லை மீறலைத் தனியா சொல்லணும்னா இப்போ 'ஓவரா' என்கிறோம்.

தொல்காப்பியம் உறு, தவ, நனி மூன்றுக்கும் மிகுதி என்ற ஒரே பொருளைச் சொல்கிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்க்கிறது. பொருள் ஒன்றானாலும் எல்லாம் எல்லா இடத்திலும் பொருந்தாது. 'சாலச் சிறந்தது' என்போம், 'சாலக் கெட்டது' என்று யாரும் சொல்வதில்லை. 'வெரி', 'டூ' ரெண்டுக்கும் 'மிக' என்று மனப்பாடம் செய்வதில்தான் சிக்கல். அதனாலதான் சந்தோஷத்தில் 'ஐ ஆம் டூ ஹாப்பி' என்கிறோம். ஆங்கிலக்காரர் காதில் அது, சந்தோஷம் அளவு மீறிப் போச்சு என்று விழலாம்.

அதுக்காக எல்லா மனுவிலும் 'டூ' போடக் கூடாது. ஈரத்தோடு பிடுங்கி விற்றிருந்தால் 'வெரி'தான் உண்மை. இவன் வயல்ல ஆள் இறங்கவே முடியல. 'டூ' என்று திருத்திக் கொடுத்தேன்.