கடல்நிறக் கல்லும் ஒரு கிண்ணம் தண்ணீரும்

காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பெரில் கல்லுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த கிராக்கி இருந்தது. அதை மணியாகக் கடைந்த பட்டறைகளின் தடயங்கள் கொடுமணல் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பெரில் கற்கள் இந்தியாவில்தான் விளைகின்றன, வேறெங்கும் அரிது என்றும், கடல்நீரின் பச்சையைக் காட்டுபவையே உயர்ந்தவை என்றும் ரோமானியர் பிளினி எழுதிவைத்தார். அந்தப் பெரிலின் நீல, நீலப்பச்சை வகைதான் அக்வாமரீன். மரகதம் அதன் உடன்பிறப்பு.

பெரிலியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து ஆறு பட்டைத் தூணாக வளரும் படிகம் இது. உள்ளே கலந்த சிறிதளவு இரும்புதான் நீலம் தருகிறது. இன்று பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ், பாகிஸ்தான், மடகாஸ்கர், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து கச்சாக் கற்கள் சந்தைக்கு வருகின்றன. வாங்கப் போகிறவருக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், கைவிளக்கு, சின்னத் தராசு இருந்தால் போதும்.

கச்சாக் கல்லின் தோல் சொரசொரப்பானது. உள்ளே இருப்பதை மறைத்துவிடும். தண்ணீரில் அமிழ்த்திப் பின்னாலிருந்து விளக்கடித்தால் விரிசல்கள் பளிச்சென மின்னும். நீளவாக்கில் மழைச்சாரல் போன்ற மெல்லிய குழாய்கள் தெரிந்தால் அவை பெரிலில் வழக்கமானவை. ஓரிரண்டு இருந்தால் குறையில்லை. குறுக்கே ஓடும் விரிசல்தான் தீட்டும்போது கல்லை இரண்டாக்கும்.

நிறத்தை வெள்ளைத்தாள்மேல் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீலம் அடர்த்தியாகவும், தூணின் முனைவழியே பார்த்தால் வெளிறியும் இருக்கும். அதனால் கல்லின் மேல்முகம் நீளவாக்கில் அமைய வேண்டும். நீண்ட தூண் வடிவக் கல் அதற்கு ஏற்றது. முனைவழியேதான் நீலம் அதிகம் என்றால் எச்சரிக்கை! அது வெயில் பட்டால் வெளுத்துப்போகும் மஷிஷி வகையாக இருக்கலாம். பச்சை கலந்திருந்தால் கவலை வேண்டாம்: சுமார் 400 டிகிரியில் சூடாக்கினால் மஞ்சள் சாயல் நீங்கி நீலம் மிஞ்சும். தட்டையான சில்லுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆழம் போதாத கல்லில் ஒளி திரும்பாமல் அடிவழியே ஓடி, நடுவில் ஜன்னல் விழும்.

அடுத்தது போலி. கல்லைத் தராசில் எடைபோட்டு, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடைபோடுங்கள். முதல் எடையை, இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அக்வாமரீனுக்குச் சுமார் 2.7 வரும். நீலப் புஷ்பராகம் 3.5 காட்டும். கண்ணாடி சில சமயம் 2.7-ஐ ஒட்டி வந்து ஏமாற்றும். ஆனால் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறாது. உள்ளே குமிழியும் இருக்கலாம்.

கடைசியில் கணக்கு. ஒரு கிராம் என்பது 5 காரட். தீட்டும்போது பெரும்பகுதி தூளாகிப் போகும். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கிராமுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்த கல், தீட்டி முடிக்கும்போது கூலி சேர்க்காமலேயே காரட்டுக்கு ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அந்த விலைக்குத் தீட்டிய கல்லே கடையில் கிடைத்தால் கச்சாக் கல்லைத் தொட வேண்டாம்.

புதிதாகப் பழகுகிறவர் நிறத்துக்கு மயங்காமல் சுத்தத்துக்குக் காசு கொடுப்பது நல்லது. வெளிறிய சுத்தமான கல் மோதிரத்தில் ஏறும். விரிசல் விட்ட ஆழ்நீலம் சாணைக்கல்லிலேயே முடிந்துவிடும்.