மலையில் மழை, சோலையில் வெயில்

பங்குனி பிறந்துவிட்டால் உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலைக்குப் போகிற வண்டிகள் கூடிவிடும். திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் தாண்டிச் சுமார் 70 கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடலாம். நகரத்தில் இரண்டு அறை வீட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு, பெரிய செலவில்லாமல் கிடைக்கிற ஒரு நாள் சந்தோஷம் அது. கட்டாயம் போய் வர வேண்டிய இடம். போவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், அசம்பாவிதம் நடந்த பிறகு கிடைக்கிற நிவாரணம் பெரும்பாலும் கிளம்பும்போது நாம் எடுத்த முடிவுகளைப் பொறுத்தே அமைகிறது.

முதலில் தண்ணீர். புளியஞ்சோலையில் ஓடுவது ஐயாறு. கொல்லிமலை மேல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாயகங்கையாக விழுகிற அதே தண்ணீர்தான் காடு வழியே இறங்கி இங்கே வருகிறது. மலை உச்சி நாமக்கல் மாவட்டம், அடிவாரம் திருச்சி மாவட்டம். சித்திரை, வைகாசியில் பிற்பகலுக்கு மேல் மலைமீது கோடை மழை இடியோடு கொட்டும். அப்போது சோலையில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேல் மேகமே இல்லையே என்று நம்பி ஆற்றின் நடுப்பாறையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள்தான் வெள்ளத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மலை செங்குத்தாக இருப்பதால் மேலே பெய்த மழை கீழே வந்து சேர அதிக நேரம் ஆகாது.

வெள்ளம் வருவதற்கு முன் ஆறு சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வரும். மேல்புறத்திலிருந்து இரைச்சல் கூடும். சற்று முன்பு வெளியே தெரிந்த பாறை மூழ்கியிருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையையும் பாத்திரத்தையும் விட்டுவிட்டு உடனே மேடேற வேண்டும். எதிர்க்கரையில் இருந்தால் இந்தப் பக்கம் கடந்து வர முயலாமல், அந்தக் கரையிலேயே உயரமான இடத்துக்குப் போய் நிற்பதுதான் உயிரைக் காக்கும். முழங்கால் அளவு வேகத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். கொல்லிமலையில் மழை வருமா என்று காலையிலேயே வானிலை அறிக்கையில் பார்த்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் ஆற்றுக்குள் இருக்காமல் பார்த்துக்கொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

மீதிப் பாதி மடுவில் இருக்கிறது. நாட்டாமடு போன்ற இடங்களில் மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் ஆழமும் பாறை இடுக்கும் உண்டு. வனத்துறையோ காவல்துறையோ போகாதே என்று தடுத்த இடத்துக்குச் சுற்றுவழியில் போகாதீர்கள். ஒருவர் மூழ்கினால் கூட இருப்பவர்கள் அடுத்தடுத்துக் குதித்து எல்லோரும் போன துயரம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் எத்தனையோ முறை நடந்துவிட்டது. நீச்சல் தெரியாதவர் செய்யக்கூடியது கரையில் படுத்துக்கொண்டு சேலையையோ வேட்டியையோ வீசுவது, மூடி இறுக்கிய காலி கேனைத் தூக்கிப் போடுவது. கரையேற்றியதும் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்ப் பழக்கம். அது உயிர் காக்கும் நிமிடங்களை வீணாக்கும். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நடு நெஞ்சை விடாமல் அழுத்த வேண்டும். கண் விழித்துவிட்டார் என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

அடுத்தது வண்டி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 2019 ஆகஸ்டில் துறையூர் அருகே கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி சாலையோரக் கிணற்றில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் லோடு ஆட்டோவில் தார்ப்பாய் விரித்துக் குடும்பத்தோடு போகிறார்கள். கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் இல்லாதது அரசு கவனிக்க வேண்டிய குறை. ஆனால் சரக்கு வண்டியில் ஏறுகிறவர் இழப்பது இன்னொன்றும் இருக்கிறது. சரக்கு வாகனத்தில் பயணிகளாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்புறம் வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். ஒரே ஒரு லோடு ஆட்டோ வைத்துப் பிழைப்பவரிடம் தீர்ப்பு வாங்கினாலும் பணம் வாங்க முடியாது. வாடகை வேன் என்றால் அது பயணிகளுக்கான உரிமம் உள்ளதா, காப்பீடு நடப்பில் உள்ளதா என்று எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். விபத்து நடந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் இப்போதைய விதிப்படி 6 மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டால் மறுக்கலாம்.

காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது பலருக்கு உல்லாசத்தின் பாதி. மாசி முதல் சித்திரை வரை இங்கே புல்லும் மூங்கில் சருகும் காய்ந்து கிடக்கும். குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிர் போனதும் இதே பருவத்தில்தான். காப்புக் காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். சமைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். பாட்டில் வேண்டவே வேண்டாம்; ஆற்றுக்குள் உடைந்து கிடக்கும் கண்ணாடி அடுத்து வரும் குழந்தையின் காலைக் கிழிக்கிறது. கீழே இந்தத் தண்ணீரை நம்பி வயல்களும் இருக்கின்றன.

குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி அங்கே இலவசம். தவணை முழுவதையும் போட்டு முடிக்க வேண்டும். பாம்புக் கடிக்குக் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. ஆளை நடக்கவிடாமல் 108-ஐ அழையுங்கள், அல்லது துறையூர் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும்.

நுழைவுக் கட்டணமோ வாகனக் கட்டணமோ கேட்டால் ரசீது கேட்பது உங்கள் உரிமை. துறையின் பெயரும் தொகையும் அச்சிட்ட ரசீது தராதவருக்குப் பணம் தர வேண்டியதில்லை. அந்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டணம் வாங்கிய இடத்தில் பாதுகாப்புக் குறை இருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அதுவே ஆதாரம். தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் 1915-இல் புகார் சொல்லலாம்.

பெண்கள் குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ கைபேசியில் படம் எடுப்பது, பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவின்படி குறைந்தது ஓர் ஆண்டு சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்த இடம் இரண்டு மாவட்ட எல்லையில் இருப்பதால் "இது எங்கள் லிமிட் இல்லை" என்ற பதில் வரக்கூடும். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. திருச்சிக்குத் திரும்பி வந்து உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்திலும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். 181 பெண்கள் உதவி எண் எந்நேரமும் எடுக்கும்.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆற்றில் ஒருவர் இறந்துவிட்டால், "இனி அறுக்க வேண்டாம்" என்று உடலை அப்படியே ஊருக்குக் கொண்டுபோகிற குடும்பங்கள் உண்டு. அந்த மனநிலை புரிகிறது. ஆனால் காவல்துறைப் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் எந்த விபத்துக் காப்பீடும் கிடைக்காது. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் உண்டு. நீரில் மூழ்குவதும் பாம்புக் கடியும் அதில் அடங்கும். 18 முதல் 70 வயதுக்குள் இருப்பவர் சேரலாம். தன் பேரில் இந்தக் காப்பீடு இருப்பதைப் பலர் வீட்டில் சொல்லியே வைப்பதில்லை. வழக்குப் போட வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-ஐ அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

உடை மாற்றும் அறை, மலையில் மழை பெய்தால் ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கு, ஆழமான மடுவுக்கு முன் பலகை, விடுமுறை நாளில் கயிறோடும் மிதவையோடும் நிற்கும் இரண்டு ஆட்கள்: இவை பெரிய செலவில்லை. திருச்சி மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. போய் வந்த வாரமே, பார்த்த குறைகளைப் படத்தோடு மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த மனு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.