வீடு மாறாமல் வேலை மாற முடிகிறதா?



இந்த வார எபிசோடில் டெக்சாஸுக்கு வரும் சிப் ஃபேக்டரிகளைப் பற்றிப் பேசினோம். கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார்: "ஆஸ்டின் அடுத்த சிலிக்கான் வேலி ஆகிடுமா? இப்பவே ஒரு வீடு வாங்கிப் போடலாமா?"

வீடு விஷயத்துல நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. ஒரே நாட்டில், ஒரே டெக்னாலஜியை வைத்து ஒரு பகுதி மட்டும் ஏன் இவ்வளவு முன்னாடி போகுது? புரூக்கிங்ஸ் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2017 வரை அமெரிக்காவின் உயர்தொழில்நுட்பத் துறைகளில் கூடிய வேலைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் ஐந்தே நகரப் பகுதிகளுக்குப் போனது: பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, சியாட்டில், சான் டியாகோ.

வழக்கமான காரணங்கள் தெரிஞ்சதுதான்: நல்ல யூனிவர்சிட்டி, முதலீடு, ராணுவ ஆர்டர்கள். எல்லாமே உண்மை. எபிசோடில் நேரமில்லாம விட்டுப்போன ஒண்ணைப் பத்தி இங்கே எழுதுறேன். அது நம்ம வேலை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் நான்-கம்பீட் ஷரத்து. "இங்கிருந்து போனால் இத்தனை மாதத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்பதுதான் அது.

நியூஜெர்சியில் பிறந்தது, வளர்ந்தது வேறெங்கோ

டிரான்சிஸ்டர் பிறந்தது கலிஃபோர்னியாவில் இல்லை. 1947 டிசம்பரில், நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் லேப்ஸில். எடிசனில் இருந்து கார்ல போனா அரை மணி நேரம்தான். அப்படிப் பார்த்தா சிலிக்கான் வேலி அங்கேதான் வந்திருக்கணும்.

ஆனால் ஆட்கள் கிளம்பினார்கள். கார்டன் டீல் தன் சொந்த ஊரான டல்லாஸுக்குத் திரும்பி டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸில் சேர்ந்தார். 1954-ல் அந்த நிறுவனம் சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வில்லியம் ஷாக்லி 1956-ல் மவுன்டன் வியூவில் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார். அவருடைய அம்மா பக்கத்திலேயே பாலோ ஆல்டோவில் இருந்தார். அவரிடம் வேலை செய்ய முடியாமல் 1957-ல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரை ஆரம்பித்தார்கள். ஃபேர்சைல்டில் இருந்து போனவர்கள் 1968-ல் இன்டெல், 1969-ல் ஏஎம்டி என்று தொடங்கினார்கள்.

இவங்க யாரும் வேலையை விட்டுட்டு ஊரை விட்டுப் போகலை. பக்கத்துத் தெருவிலேயே அடுத்த கடையைத் திறந்தாங்க. அதற்குச் சட்டமும் இடம் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் நான்-கம்பீட் ஷரத்து 1872-ல் இருந்தே செல்லாது. இன்றைக்கு அது 16600-வது பிரிவு. நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும், "நியாயமான" கால அளவும் தூரமும் இருந்தால் கோர்ட் அதை ஏற்கும்.

வேலி ஜெயித்ததற்கு அங்கே ஆட்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவும் பழக்கம் ஒரு காரணம் என்று அன்னாலீ சாக்சேனியன் 1994-ல் எழுதினார். அந்தப் பழக்கத்துக்கு அடியில் இந்தச் சட்டம் இருக்கிறது என்று 1999-ல் ரொனால்ட் கில்சன் வாதிட்டார். இதற்கு மிச்சிகனில் ஒரு சோதனையே நடந்தது. 1985-ல் அந்த மாநிலம் வேறு ஒரு சட்டத்தை மாற்றும்போது, நான்-கம்பீட் தடையும் கவனிக்காமலே நீங்கிவிட்டது. அதன் பிறகு அங்கே பேடன்ட் எடுக்கும் இன்ஜினியர்கள் கம்பெனி மாறுவது குறைந்தது. பலர் தடையில்லாத மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள் என்று மேட் மார்க்ஸும் மற்றவர்களும் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

என் அனுபவம்

2015-ல் எடிசனில் இருந்தேன். ஒரு வெண்டர் மூலமா கான்ட்ராக்ட். ஒரு வருஷம் கழிச்சு கிளையண்ட் பக்கத்து மேனேஜர், "ஃபுல்டைமா எங்ககிட்டயே வந்துடு"ன்னு கேட்டார். சந்தோஷமா வெண்டர்கிட்ட சொன்னேன். அவங்க பி.டி.எஃப்.-ஐத் திறந்து காட்டினாங்க: 12 மாதம் கிளையண்டிடமோ, 50 மைலுக்குள் அவர்களோட போட்டி நிறுவனத்திடமோ சேரக் கூடாது. கையெழுத்து என்னுடையதுதான். படிக்காம போட்டது.

வக்கீல் ஒருத்தரைப் பார்த்தேன். "ஜெயிக்கலாம், ஆனா மாசக்கணக்கா ஆகும்"னார். எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால் நீண்ட அவகாசம் கிடையாது. மாசக்கணக்கெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. கிடைத்த அடுத்த வேலை டெக்சாஸின் பிளேனோவில். மனைவி எடிசனில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுட்டு வந்தாங்க. அவங்களுக்குத் திரும்ப ஒரு வேலை அமைய 14 மாதம் ஆச்சு. அந்த ஷரத்துல அவங்க பேரே இல்லை, ஆனா விலை கொடுத்தது அவங்கதான்.

2019-ல் ஃப்ரீமான்ட் போனோம். மூணு வருஷத்துல ரெண்டு தடவை வேலை மாறினேன், ரெண்டு தடவையும் பில் ரேட் கூடிச்சு. அபார்ட்மென்ட் மாறலை. பொண்ணு ஸ்கூல் மாறலை. நான் ஒண்ணும் திடீர்னு திறமைசாலி ஆயிடலை. அடுத்த வேலை 15 மைலுக்குள்ள இருந்தது, அதுக்குப் போறதை யாராலும் தடுக்க முடியலை. அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு விலை உண்டு. எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்தால் வாடகை எங்கேயோ போய்விடும். நம்ம ஆபீஸைச் சுத்தம் செய்பவர்களில் பலர் ட்ரேசி, ஸ்டாக்டன் பக்கமிருந்து விடியற்காலையில் ஆல்டமான்ட் பாஸ் தாண்டி வருகிறார்கள். கடைசியில நாங்களும் வீட்டுக்காகத்தான் டெக்சாஸ் திரும்பினோம்.

இப்போதைய நிலை

2024 ஏப்ரலில் ஃபெடரல் டிரேட் கமிஷன் நாடு முழுக்க நான்-கம்பீட்டைத் தடை செய்ய விதி கொண்டுவந்தது. அது அமலுக்கு வரும் முன்பே, ஆகஸ்ட் 20 அன்று டல்லாஸில் உள்ள ஃபெடரல் கோர்ட் ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் கமிஷனும் மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆகவே இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு.

நம்ம ஊரில்?

டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற நியூயார்க் வக்கீல் ஒரு சிவில் சட்ட வரைவு எழுதினார். நியூயார்க் அதை ஏற்கவே இல்லை. கலிஃபோர்னியா அதில் இருந்து இந்தத் தடையை 1872-ல் எடுத்துக்கொண்டது. அதே வருடம், அதே வரைவில் இருந்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவும் வந்தது! அதாவது, வேலையை விட்ட பிறகான நான்-கம்பீட் இந்தியாவிலும் பொதுவாகச் செல்லாது.

அப்போ சட்டம் மட்டும் போதும்னா விழுப்புரம் இந்நேரம் மவுன்டன் வியூ ஆகியிருக்கணுமே? ஆகலை. வேலையை விட உரிமை இருந்தும், அடுத்த வேலை சென்னையிலோ பெங்களூரிலோதான் இருந்தால் அந்த உரிமையோடு பஸ் டிக்கெட்டும் சேர்த்து வாங்கணும். மூணு மாத நோட்டீஸ் பீரியட் வேற.

அதனால்தான் 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் திறந்த டைடல் பார்க்குகளை நான் கட்டடமாகப் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஒரு பெண் தன் முதல் வேலை பிடிக்காமல் விட்டால், அம்மா வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இரண்டாவது வேலை கிடைக்குமா? மூன்றாவது? தென்காசி பக்கம் ஜோஹோ 2011-லேயே ஆபீஸ் தொடங்கியது, நல்ல விஷயம். அதைச் சுற்றி இன்னும் பத்து வரும்போதுதான் சம்பளத்தைப் பற்றிப் பேச ஊழியருக்குத் தைரியம் வரும்.

நேயருக்கு என் பதில்: ஆஸ்டினில் வேலைகள் நெருக்கமாக வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு நடுவே நடந்து போகும் சுதந்திரம் இன்னும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஃபேக்டரி எத்தனை பில்லியன் என்பதோடு இதையும் பாருங்க.

நான் வக்கீல் இல்லை. ஆனா அடுத்த கான்ட்ராக்ட் வரும்போது ரேட்டைப் பார்த்த கையோடு மூணு விஷயத்தைத் தேடுங்க: எத்தனை மாதம், எத்தனை மைல், எந்த மாநிலச் சட்டம். கையெழுத்துக்கு முன்னாடி கேட்டா பல வெண்டர்கள் குறைச்சுக்கறாங்க. எனக்கு ரெண்டு தடவை குறைச்சிருக்காங்க.

உங்க ஒப்பந்தத்துல என்ன இருந்ததுன்னு பதில் எழுதுங்க. பெயர் போடாம அடுத்த எபிசோடில் பேசலாம்.