புதிய படகு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மாடு வாங்கப் போகிறவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். காணி வாங்குகிறவர் பழைய உறுதிகளையெல்லாம் தேடி எடுப்பித்து வாசிக்கிறார். ஆனால், கண்ணாடியிழைப் படகு வாங்கப் போகும் நம்மவரிற் பலர், அதன் வர்ணத்தைப் பார்த்தே திருப்தியடைந்துவிடுகின்றனர். பெரும்பாலும் கடன்பட்டு வாங்கும் பொருள் அது. அதில் ஏறிச் செல்வோரின் உயிரும் அதனையே நம்பியிருக்கிறது. ஆகையால், வர்ணத்துக்குக் கீழே இருப்பதைக் கண்டறியும் வழிகள் சிலவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

படகு எந்தக் கரைக்கு என்பதே முதற் கேள்வி. வன்னிக்கு இரு பக்கமும் கடல் உண்டு. மேற்கே, பூநகரி, நாச்சிக்குடாப் பகுதிகளில் இருப்பது ஆழங்குறைந்த நீர். கிழக்கே, முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் வங்காள விரிகுடா நேரே வந்து மோதுகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் அதன் சீற்றத்தை அக்கரையார் நன்கறிவர். மேற்குக் கரைக்குப் பொருந்தும் தாழ்ந்த அணியமும் தட்டையான அடியும் உடைய படகை, கிழக்குக் கரையில் அலையுடைக்கும் இடத்தைத் தாண்டிச் செலுத்துவது ஆபத்து. அங்கே அணியம் உயர்ந்திருத்தல் வேண்டும். முன்னடியும் அலையைப் பிளக்கத்தக்கதாய்க் கூர்ந்திருத்தல் வேண்டும். அன்றியும், நாள்தோறும் மணலில் இழுத்தேற்றப்படும் படகு அடியிலேதான் தேயும். ஏரா எனப்படும் அடித்தண்டின் மேல், தேய்ந்தபின் மாற்றக்கூடிய காப்புப் பட்டை உண்டா என்று குனிந்து பாருங்கள்.

இனி, படகின் உடம்பைப் பற்றிச் சொல்வேன். மரப்படகைத் தச்சர் உள்ளிருந்து வெளியே கட்டுவார். கண்ணாடியிழைப் படகோ வெளியிலிருந்து உள்ளே கட்டப்படுவது. அச்சின் உட்புறத்தில் முதலில் வர்ணப்பூச்சைத் தடவுவர். அது இறுகியபின் கண்ணாடியிழைப் பாயை விரித்து, றெசின் என்னும் பிசினை ஊற்றி, உருளையினால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவர். இவ்வாறு படைமேற் படையாக வளர்த்து, இறுகியபின் அச்சிலிருந்து கழற்றுவர். ஆகவே நம் கண்ணைக் கவரும் பளபளப்பு, வேலை தொடங்கிய அன்றே முடிந்துவிட்டது. பின்னே எத்தனை படை இட்டார்கள், எவ்வளவு பிசின் ஊற்றினார்கள் என்பதை அது ஒருபோதும் சொல்லாது.

வலிமையைத் தருவது இழை. பிசின் அதனைப் பிணைத்து நிற்பது. பாய் கொண்டு செய்த படகிலே நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இழையாக இருத்தல் நன்று. பிசின் மிகுந்தால் படகு பாரமாயிருக்கும், ஆனால் எளிதில் வெடிக்கும். பிசின் குறைந்தால் இழை வறண்டு நின்று நீரை உறிஞ்சும். இதனை அறிய, உட்புறம் வர்ணம் பூசுமுன்னரே கட்டுமிடத்துக்குச் சென்று பார்த்தல் வேண்டும். வெண்மையாய்த் தோன்றும் திட்டுகள் பிசின் பற்றாத இடங்கள். பக்கச் சுவருக்கு வெளியே விளக்கைப் பிடித்தால், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளும் தெரியக்கூடும். படகு முற்றிலும் முடிந்துவிட்டதாயின், ஒரு நாணயத்தினால் அடிமுழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' என்று தெளிவாய் ஒலித்தது ஓரிடத்தில் மந்தமாய் ஒலித்தால், அங்கே படைகள் ஒட்டாது பிரிந்திருக்கலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைப் பேரழிவுக்குள்ளாக்கியது. அதன்பின் நாடெங்கும் மிகுந்த அவசரத்திலே படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றுள் தரங்குறைந்தவையும் இருந்தன. கொடுத்தவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் பிசின் இறுகுவதற்கு வேண்டிய காலத்தை எந்த நல்லெண்ணத்தாலும் குறைக்க முடியாது. பிசின் மணம் கடுமையாய் வீசும் படகைச் சில நாட்களாவது ஆறவிட்டே கடலில் இறக்குதல் வேண்டும்.

இயந்திரம் பூட்டும் பின்பலகையைத் தனியே சோதியுங்கள். பல படகுகளில் அதனுள்ளே ஒட்டுப்பலகை வைத்து மூடியிருப்பர். ஆணித் துளை வழியே நீர் புகுந்தால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உக்கிவிடும். 15 குதிரைவலுவுக்கென அமைந்த பின்பலகையிலே 25 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டுவதும் வேண்டாத வேலை. பெரிய இயந்திரம் பெரிய மதிப்பென்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். எரிபொருட் செலவைக் கணக்கிடும்போது அவ்வெண்ணம் மாறுவதுண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது மிதப்பு. நம் முன்னோரின் தெப்பம் கவிழலாம். ஆனால் தாழாது, மரமல்லவா? கண்ணாடியிழையோ நீரிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. உதாரணமாக, 300 கிலோ எடையுள்ள படகொன்று நீர் நிறைந்து மூழ்கினால், அதன் உடல் 200 லீற்றர் நீரையே விலக்கும். எஞ்சிய 100 கிலோவும் அதனைக் கீழே இழுக்கும். 50 கிலோ இயந்திரத்தையும் சேர்த்தால், அது தாழாமல் நிற்பதற்கே 150 லீற்றருக்குக் குறையாத காற்றறையோ நுரைப்பொருளோ வேண்டும். பற்றிக்கொண்டு தத்தளிக்கும் மனிதருக்கு அதற்கும் மேலே வேண்டும். அது அடியில் மாத்திரம் இருந்தால் படகு தலைகீழாகிவிடும். இரு பக்கத்திலும் மேல் விளிம்பை ஒட்டி இருத்தல் நலம். 'ரிஜிபோம் இட்டிருக்கிறோம்' என்று விற்பவர் சொன்னால், அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். படகு கட்டும் பிசினும், சிந்திய பெற்றோலும் பட்டால் ரிஜிபோம் கரைந்துவிடும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் முல்லைத்தீவுக் கடல் கரையோரத்தில் அமைதியாய்த் தோன்றும். ஆனால் அக்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. இயந்திரம் நின்ற படகை அது ஆழ்கடலுக்கே கொண்டுபோகும். ஆகவே துடுப்பும், சிறு பாயொன்றும், அவற்றைப் பூட்டும் இடமும் புதுப்படகில் உண்டா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நந்திக்கடல் போன்ற அமைதியான களப்பிலே, இடுப்பளவு நீரில் படகை நிறுத்தி, இயந்திரம் இருக்குமிடத்தில் அதே நிறையுள்ள இரும்பைக் கட்டி, விளிம்புவரை நீரை நிரப்புங்கள். பின்னர் இருவர் அதன் விளிம்பைப் பற்றித் தொங்கட்டும். நல்ல படகாயின், விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி நிமிர்ந்து மிதந்து நிற்கும். இச்சோதனைக்கு விற்பவர் உடன்படவில்லையாயின், வேறோரிடத்திலே படகு பார்க்கலாம்.